முச்சந்தியில் உடைத்த பூசணிக்காய்

1

போன மாதம் வாணியம்பாடியில் என் அண்ணன் மகள் கல்யாணம். பெங்களூரிலிருந்து நான், என் வீட்டுக்காரர் குணசேகர், மகள் தீபா மூவரும் போயிருந்தோம். எங்கள் தெருவில் காய்த்த கல்யாணப் பூசணிக்காய் நான்கை இரண்டு பைகளில் போட்டு, பஸ்ஸில் காலடியில் வைத்துக் காபந்து பண்ணிக் கொண்டுபோனேன். சமையல்காரர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, "நல்லா முத்தின காய்மா" என்றார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் வீட்டுப் பந்தியில் அதுதான் மோர்க்குழம்பு. அண்ணி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு முடிந்து காபி வந்தது. பிளாஸ்டிக் கப்புகள் ஜமக்காளம் முழுக்க உருண்டன. நான் பொறுக்கிக் கையில் அடுக்கிக்கொண்டு, "இந்தக் கசயெல்லாம் எங்க போடறது?" என்று கேட்டேன். கச என்றால் கன்னடத்தில் குப்பை. வாயில் அப்படித்தான் வருகிறது, என்ன செய்ய? ஒருவருக்கும் புரியவில்லை. குப்பை என்று மாற்றிச் சொன்னதும் அண்ணி ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கால்வாய்.

நான் போடவில்லை. ஒரு பையைத் தேடி எடுத்து அதில் போட்டேன். அண்ணிக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை.

"பெங்களூருல எல்லாரும் கம்ப்யூட்டர் தட்டறாங்கன்னு சொல்றாங்க. எங்க நாத்தனார் மட்டும் குப்பை பொறுக்கிகினு கீறாங்க!"

சம்பந்தி வீட்டார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்து வைத்தேன். கோபம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அன்றைக்குக் கிருஷ்ணகிரி தாண்டித்தான் வந்தது. தீபா என் முகத்தைப் பார்த்து, "யாக்கம்மா கோபா?" என்றாள். ஏன் கோபம் என்று அவள் கன்னடத்தில்தான் கேட்பாள்.

ஆமாம் அண்ணி, நான் குப்பை பொறுக்குகிறேன். எப்படிப் பொறுக்க ஆரம்பித்தேன் என்பதை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை நீங்கள் வாரா வாரம் வாங்குகிறீர்கள் என்று தெரிந்துதான் இதற்கு அனுப்புகிறேன்.

2

தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகிப் பெங்களூர் அடுகோடிக்கு வந்தேன். வெளிநாடு ஒன்றும் இல்லை, ஒரு பஸ் டிக்கெட் தூரம். ஆனால் நான் வந்த வருஷக் கடைசியில் காவிரித் தகராறில் ஊர் கொந்தளித்தது. "பஸ்ல வாயைத் திறக்காத" என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்புவார். காய்கறிக் கடையில் விரலைக் காட்டியே வாங்கினேன். வாயை மூடிக்கொண்டு வாழ வேண்டிய ஊர் எதுவானாலும் அது அயல்நாடுதான்.

எங்கள் வீடு தெருமுனையில். மூன்று தெருக்கள் கூடும் இடம். ஒரு பக்கம் வீடுகள், இன்னொரு பக்கம் லேத் பட்டறைகள். அதில் ஒன்றில்தான் அவருக்கு வேலை. வாடகை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். சமையலறை ஜன்னலைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. ஜன்னலுக்கு நேரே சிமென்ட் வளையத்தில் கட்டிய குப்பைத் தொட்டி. தொட்டிக்குள் பாதி, வெளியே பாதி. நாய்கள், மாடுகள், ஈக்கள். சோறு பரிமாறும்போது ஒரு கையால் ஈயை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அந்த ஜன்னலை மூடியே சமைத்தேன்.

ஊரில் நாம் சுத்தமாக இருந்தோம் என்று பெருமை பேச வரவில்லை. நம் வீட்டுக் குப்பையை நானே கூடையில் எடுத்துப்போய் ஆற்றங்கரையில் கொட்டியிருக்கிறேன். கண்ணுக்கு மறைந்தால் தீர்ந்தது என்று நினைத்தோம். இங்கே கண்ணெதிரே கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தீபாவுக்குப் பதினொரு வயதானபோது தெருவில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கு. அவளும் நார் மாதிரி ஆகிவிட்டாள். அன்றுதான் மாடி வீட்டு சாவித்ரம்மாவிடம், "இந்தத் தொட்டியை எடுக்கணும்" என்றேன். சாவித்ரம்மா எங்கள் வீட்டுக்கு உரிமையாளர், மைசூர்ப் பக்கத்துக்காரர். "எடுத்தா கச எல்லி ஹோகோது?" என்று கேட்டார். குப்பை எங்கே போகும்? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் வார்டு ஆபீசுக்குப் போனோம்.

3

ஆபீசில் முதல் நாள் அதிகாரி இல்லை. இரண்டாம் நாள் மீட்டிங். மூன்றாம் நாள் இருந்தார். சுகாதார ஆய்வாளர், நடுவயசுக்காரர், பொல்லாதவர் இல்லை. நான் தமிழில் எழுதிக் கொண்டுபோன மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அர்ஜி கன்னடதல்லி பரீரி" என்றார். மனுவைக் கன்னடத்தில் எழுதி வா.

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பின்னாலிருந்து ஒருத்தர், "ஊருக்குப் போய் எழுதச் சொல்லுங்க" என்று கன்னடத்தில் சொன்னதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. பன்னிரண்டு வருஷத்து ஈயும் நாற்றமும் என் வீட்டில். ஊர் மட்டும் இன்னொருத்தருடையதா?

வீட்டுக்கு வந்து தீபாவை உட்கார வைத்தேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் கன்னடத்தில் எழுதினாள். முத்து முத்தான எழுத்து. என் மகளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் இல்லை, எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த எழுத்துதான் எனக்கு ஆயுதம். மனுவின் கீழே என் பெயரைக் கன்னடத்தில் எழுத அவளிடமே கற்றுக்கொண்டேன். வசந்தா. கோணல்மாணலாக வந்தது, ஆனால் நானே போட்ட கையெழுத்து.

நாலைந்து நடைக்குப் பிறகு ஆய்வாளர் இறங்கி வந்தார். தொட்டியை மூன்று மாதத்துக்கு எடுத்துப் பார்ப்போம். ஈரக் குப்பைக்கு உங்கள் தெருத் தண்ணீர் பம்ப் ஹவுஸ் பின்னால் இருக்கும் காலி மூலையில் குழி வெட்டிக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்து பார்ப்பேன். முச்சந்தியில் குப்பை கிடந்தால் குழி மூடப்படும், தொட்டி திரும்ப வரும், அதே இடத்துக்கு.

அதே இடம் என்றால் என் ஜன்னல்.

4

வேலை இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பக்கெட். ஹசி கச என்கிற ஈரக் குப்பை ஒன்றில், ஒண கச என்கிற காய்ந்தது இன்னொன்றில். தினமும் ஆறரை மணிக்கு விசில் சத்தம் கேட்கும். கேட்டதும் பக்கெட்டோடு வாசலுக்கு வரவேண்டும். விசில் ரத்னம்மாவுடையது. பல வருஷமாக எங்கள் தெருவைக் கூட்டுகிறவர், ஆஸ்டின் டவுனில் வீடு, தமிழ்க்காரர்தான். காண்ட்ராக்டில் வேலை. தள்ளுவண்டியில் வாங்கிப்போய் ஈரத்தைக் குழியில் கொட்டுவார். மேலே காய்ந்த சருகு போட்டுப் புளித்த மோர் தெளிப்பது எங்கள் வேலை. முதல் மாதம் குழி நாறியது. இரண்டாம் மாதம் நாற்றம் போய்ப் புழு வந்தது. மூன்றாம் மாதம் மண் வந்தது. மழை விட்ட சாயங்காலம் மாதிரி வாசனை. நான் ஜன்னலைத் திறந்து வைத்துச் சாம்பார் வைத்தேன். அந்தச் சாம்பாரின் ருசியை இப்போதும் சொல்வேன்.

ஆனால் ஒன்று மட்டும் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் வந்தால் முச்சந்தியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், மிளகாய், சுற்றிப்போட்ட உப்பு. வாழைத்தோலையும் முட்டை ஓட்டையும் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கும் பெண்கள் திருஷ்டி கழித்ததை மட்டும் பக்கெட்டில் போட மாட்டார்கள். கழித்ததை வீட்டுக்குள் ஒரு ராத்திரி எப்படி வைப்பது? குழியில் போட்டால் அந்த மண் கருவேப்பிலைச் செடிக்கு வருமே? முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதுதான் முறை. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெயின்ட் டப்பா ஒன்றைக் கழுவி, முச்சந்தி விளக்குக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டேன். திருஷ்டிக்கு மட்டும் தனி டப்பா. யார் வீட்டுக்குள்ளும் வராது, ரோட்டிலும் கிடக்காது. பெண்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சாவித்ரம்மா, "ஒள்ளே ஐடியா" என்றார், நல்ல யோசனையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வாரம் டப்பா நிரம்பி வழிந்தது. ரத்னம்மா அதைத் தொடவே இல்லை. நான் போய்க் கேட்டேன்.

"ரத்னம்மா, அந்த டப்பாவை மறந்துட்டியா?"

"மறக்கலமா. எடுக்க மாட்டேன்."

"ஏன், உனக்குப் பயமா?"

வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு இன்னா பயம்? நாங்க புத்தரைக் கும்பிடறவங்க. திருஷ்டி கிருஷ்டில்லாம் நான் நம்பறதே இல்ல. ஆனா நீங்க நம்பறீங்க இல்ல? தொட்டா கெட்டதுன்னு நம்பிகினே என் கையில குடுக்கறீங்க பாரு, அதுக்குத்தான் மாட்டேன்றேன். வாழைத்தோலு குடு, மீன் செதிலு குடு, மூஞ்சி சுளிக்காம எடுத்துக்கறேன். உங்க வீட்டுக் கேடு எனக்கு எதுக்கு?"

அந்த இடத்திலேயே எனக்குப் புத்தி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றை நடத்துகிறோம், இந்தம்மா பிகு பண்ணுகிறாரே என்று வீட்டில் வந்து புலம்பினேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தம்மா சொல்றதுல இன்னா தப்பு?" என்றார். அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றாமல் எழுந்துவிட்டேன்.

5

ஆயுத பூஜை வந்தது. அடுகோடியில் ஆயுத பூஜை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு லேத்துக்கும், ஒவ்வொரு ஆட்டோவுக்கும், ஸ்கூட்டருக்கும், ஏன், குழந்தைகளின் சைக்கிளுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டு, கல்யாணப் பூசணிக்காயில் குங்குமம் நிரப்பிச் சுற்றி, முச்சந்தியில் போட்டு உடைப்பார்கள். அன்று சாயங்காலம் ரோடு முழுக்கச் சிவப்பாக வழுக்கும்.

நான் முன்கூட்டியே வீடு வீடாகப் போய், பட்டறை பட்டறையாகப் போய்ச் சொன்னேன். இந்த வருஷம் அவரவர் வாசலில் உடையுங்கள், அவரவரே எடுத்துவிடுங்கள், மறுநாள் ஆபீசர் வருகிறார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒருத்தரும் கேட்கவில்லை. நான் உட்பட.

தீபாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. வயிற்றுப்போக்கில் அவளைப் பறிகொடுக்க இருந்தவள் நான். எனக்குப் பயம். நானே ஒரு பூசணிக்காயை வாங்கி, அவளை நிற்க வைத்து மூன்று சுற்றுச் சுற்றி, வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பினேன். வாசலில் உடைத்தால் வாசலிலேயே இருக்குமே என்று மனசு அடித்துக்கொண்டது. முச்சந்திக்குத்தான் அனுப்பினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

விடிந்தது. ஜன்னலைத் திறந்தேன். தொட்டி இருந்த காலத்திலும் அப்படி ஒரு காட்சி இல்லை. இருபதுக்கு மேல் பூசணிக்காய்கள் சிதறிக் கிடந்தன. ஆட்டோ ஏறி நசுங்கியவை பாதி, ஈ மொய்த்தவை பாதி. பத்து மணிக்கு ஆய்வாளர் வருவார்.

ரத்னம்மா முச்சந்தியைச் சுற்றிலும் கூட்டி முடித்திருந்தார். வாழைக்கன்று, மாவிலை, பூ எல்லாம் வண்டியில். பூசணிக்காய்களை மட்டும் தொடவில்லை. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியும் முறமுமாக இறங்கினேன். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. எல்லோருடைய பாவத்தையும் தனியாகச் சுமக்கும் தியாகி நான் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு.

ரத்னம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஏம்மா, இதுல உங்கது எது?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். அவர் என்னையே பார்த்தார். தினமும் ஒவ்வொரு வாசலையும் பார்க்கிறவருக்குத் தெரியாதா? கம்பத்துக்குக் கீழே கிடந்ததைக் காட்டினேன்.

"அப்ப அதை மொதல்ல எடு."

குனிந்து எடுத்தேன். நானே என் பெண்ணிடமிருந்து கழித்ததை நானே திரும்பத் தூக்குகிறேன். அவள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. குங்குமத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. வாளியில் போட்டேன்.

ரத்னம்மா விசிலை வாயில் வைத்தார். ஐந்தாம் நம்பர் வீட்டுக்கு எதிரே போய் ஊதினார். உள்ளே ஓடப் பார்த்த அந்த வீட்டம்மாவிடம், "உங்கது அதோ, ரெண்டா ஒடைஞ்சது" என்று காட்டினார். பிறகு ஏழாம் நம்பர். பிறகு பட்டறை. என் வீட்டுக்காரர் வேலை செய்யும் அந்த லேத் பட்டறையின் முதலாளி பாஷா பாய் வெளியே வந்து, "அரே, என்னுது இல்லம்மா, பசங்க ஒடைச்சது" என்றார். "பசங்களைக் கூப்பிடு பாய், நான் நிக்கறேன்" என்றார் ரத்னம்மா. ஊதிக்கொண்டே நின்றார். என் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் அசடு வழிய வந்து குனிந்தார்கள். சாவித்ரம்மா மாடியிலிருந்து இறங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். இறங்கினார். ஸ்கூட்டருக்கு உடைத்ததை இரண்டு விரலால் தூக்கி வந்து என் வாளியில் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏறிப் போனார்.

திரும்பிப் பார்க்காமல் போவதுதான் முறையாம். அன்று அடுகோடியில் ஒரு தெருவையே ஒரு விசில் திரும்பிப் பார்க்க வைத்தது. அதிகாரியால் முடியாதது, நான் வீடு வீடாக நடந்தும் முடியாதது.

தீபா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ரோட்டைக் கழுவினாள். "உள்ள போடி, காய்ச்சக்காரி" என்றேன். "ஹோகல்ல" என்றாள். போகமாட்டாளாம். மறுநாள் அவள் ஒரு தும்மல் போட்டாள். அன்று பகல் முழுக்க மணிக்கொரு தடவை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் தும்மல்தான்.

ஆய்வாளர் பதினொன்றரைக்கு வந்தார். ஈர ரோட்டைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "சரி, இன்னும் மூறு திங்களு" என்றார். இன்னும் மூன்று மாதம். அன்றிலிருந்து இன்று வரை மூன்று மூன்று மாதமாகத்தான் அனுமதி. ஒவ்வொரு தடவையும் மனு, ஒவ்வொரு தடவையும் "நாளெ பன்னி." நாளைக்கு வா என்றால் நாளைக்குப் போய் நிற்கிறேன். அவர்கள் மாறிவிட்டார்கள், மூன்றாவது ஆய்வாளர் இப்போது. நான் மாறவில்லை. மனுவை இப்போது நானே எழுதுகிறேன். விளக்குக் கம்பத்து டப்பாவை அன்றே அவிழ்த்துவிட்டேன்.

6

பூசணிக்காய்களை எங்கே போட்டோம் என்று கேட்கவில்லையே நீங்கள். குழியில்தான். வேறு இடம் ஏது? சாவித்ரம்மா அந்த மண்ணைத் தன் துளசிக்குப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். போட வேண்டாம்.

நாங்கள் போடாமலே அது வேலையைச் செய்தது. தை மாதம் குழி ஓரத்தில் கொடி கிளம்பியது. பம்ப் ஹவுஸ் சுவரில் ஏறி, கூரையில் படர்ந்து, சாம்பல் பூத்த காய்கள் ஒன்பது. தெருவே தலையைத் தூக்கிப் பார்த்தது, ஒருத்தரும் பறிக்கவில்லை. எதிலிருந்து முளைத்தது என்று எல்லோருக்கும் தெரியுமே.

ரத்னம்மா ஏறி ஒன்றைப் பறித்துக்கொண்டு போனார். மறுநாள் தூக்குச்சட்டியில் கூட்டு செய்து கொண்டுவந்து குழி மேட்டில் வைத்துத் திறந்தார். "யாரு சாப்பிடறீங்க?" என்றார்.

காயைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்டார். பன்னிரண்டு வருஷமாக என் வாசலுக்கு வருகிறவர். நான் அவருக்குக் காபி கொடுத்ததுண்டு, தனி டம்ளரில். அவர் வீட்டில் சமைத்ததை நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. குங்குமத் தண்ணீரை விட இது எனக்குக் கூச்சமாக இருந்தது. தீபா என்னைத் தாண்டிப் போய் முதலில் கையை நீட்டினாள். பிறகு நான். காரம் தூக்கல், தேங்காய் அரைத்து விட்டிருந்தார். நன்றாக இருந்தது. சாவித்ரம்மா இன்றுவரை தொடவில்லை. தனி டம்ளரை நான் மறுநாளே அடுக்கில் மற்ற டம்ளர்களோடு கலந்துவிட்டேன்.

ஐந்து வருஷமாக அந்தக் கொடியின் விதையிலிருந்துதான் காய்க்கிறது. ஆயுத பூஜைக்கு உடைக்கக் கேட்டு வருகிறார்கள். கொடுப்பதில்லை. சாப்பிடுவதானால் தருகிறேன் என்கிறேன். இப்போதும் வெளியில் வாங்கி உடைப்பவர்கள் உண்டு, மறுநாள் விசிலுக்கு வந்து எடுத்துவிடுகிறார்கள்.

இதை எழுதி முடித்துத் தீபாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாமி ஓதிதரெ?" என்றாள். மாமி படித்துவிட்டால்?

படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். அண்ணி, நான் வாணியம்பாடிக்குக் கொண்டுவந்த நான்கு காய்களும் அந்தக் கொடியில் காய்த்தவை. ரத்னம்மா பறித்துக் கொடுத்தவை. அடுகோடியில் ஒரு தெரு முழுவதும் சுற்றிக் கழித்ததை மோர்க்குழம்பில் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். ஒரு மாதம் ஆகிறது. நேற்றுப் போனில் அண்ணன் சொன்னார், எல்லோரும் சௌக்கியமாம், உங்களுக்கு அந்த முட்டி வலிகூடக் குறைந்திருக்கிறதாம்.

விதை எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். உங்கள் கால்வாய்ப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே மட்டும் இனிமேல் எதையும் போடாதீர்கள், கொடி படர இடம் வேண்டும்.